சளியின் சாட்சியம்: தாம்பரம் சானடோரியம் சொல்லும் வரலாறு

முடிச்சூரிலிருந்து தாம்பரம் வந்து, கடற்கரை நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறினால் அடுத்த நிலையம் தாம்பரம் சானடோரியம். ஏற்றுமதி வளாகத்துக்கு வேலைக்குச் செல்வோரும், தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு வைத்தியத்துக்குச் செல்வோரும் நாள்தோறும் அங்கே இறங்குகின்றனர். ஆனால் அந்த நிலையத்துக்கு இப்பெயர் ஏன் வந்தது என்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில், தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகிய மூன்றை மட்டும் நம்பி நோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரித்த இல்லத்துக்கே சானடோரியம் என்று பெயர். ஒரு நோயின் பெயரால் ஓர் ஊரே அறியப்பட்டது. அந்தப் பெயரைச் சற்றுக் குரல் தாழ்த்திச் சொல்லும் வழக்கமும் அதனோடு சேர்ந்து வந்தது.

அந்தத் தாழ்ந்த குரல் இன்னும் முற்றிலும் மறையவில்லை. இரண்டு மாதமாக இருமும் பெண்ணை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத் தயங்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. திருமணப் பேச்சு நின்றுவிடுமோ, அண்டை வீட்டார் விலகிவிடுவார்களோ என்ற அச்சமே அதற்குக் காரணம். நோயை ஊகத்தால் அறிந்த காலத்துக்கும் சோதனையால் அறியும் காலத்துக்கும் இடையில் என்ன மாறியது என்பதை அறிந்தால், இந்த அச்சத்தில் பெரும்பகுதி தேவையற்றது என்பது விளங்கும். அந்த மாற்றத்தின் முக்கியமான அத்தியாயங்கள் நம் சென்னையிலேயே எழுதப்பட்டவை என்பதால், அவ்வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

கண்ணுக்குத் தெரிந்த குறிகள்

நோய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவதே மருத்துவத்தின் முதல் படி. கி.பி. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை வகித்த அபூபக்கர் முஹம்மது அர்ராஸீ இப்படியில் மிகத் தெளிவாகக் கால் வைத்தவர். பெரியம்மையும் தட்டம்மையும் காய்ச்சலோடு தொடங்கி உடலெங்கும் தடிப்பை உண்டாக்குபவை. இவ்விரண்டையும் ஒப்பிட்டு அவர் தனி நூல் ஒன்று எழுதினார். முதுகுவலி பெரியம்மையில் மிகுதி. மனக் கலக்கமும் குமட்டலும் தட்டம்மையில் மிகுதி என்று நோயாளிகளை உற்றுநோக்கிப் பிரித்துக் காட்டினார். 1348-ஆம் ஆண்டின் பெரும் கொள்ளைநோயைக் கண்ட கிரனடாவின் இப்னுல் கதீப், நோயாளியோடு பழகியவர்களுக்கு நோய் வருவதையும் ஒதுங்கியிருந்தவர்கள் தப்புவதையும் சான்றாகக் கொண்டு, நோய் தொற்றிப் பரவுகிறது என்று வாதிட்டார்.

இவர்கள் எவ்வளவு கூர்ந்து நோக்கினாலும் நோக்கியது நோயின் விளைவையே. அதன் காரணியைக் காணும் கருவி அவர்களிடம் இல்லை. பல நோய்கள் ஒரே குறியை அணிந்து வரும்போது இந்த முறை தடுமாறும். மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, இரவு வியர்வை, இருமல் ஆகியவை காசநோயின் குறிகள்தாம். ஆனால் வேறு சில நோய்களிலும் இவற்றுள் சில தோன்றும்.

சிவப்புக் கோல்கள்

1882 மார்ச் 24 அன்று பெர்லின் நகரில் ராபர்ட் கோக், காசநோயை உண்டாக்கும் நுண்ணுயிரைத் தாம் கண்டுவிட்டதாக அறிவித்தார். அந்த நாளையே உலகக் காசநோய் நாளாக நாம் இன்று கடைப்பிடிக்கிறோம். அக்கிருமியைக் காண்பது எளிதாக இருக்கவில்லை. அதன் சுவரில் மெழுகு போன்ற கொழுப்புப் பொருள் நிறைந்திருப்பதால், சாதாரணச் சாயங்கள் அதில் ஏறுவதில்லை. கோக் கண்டறிந்த வழியைப் பால் எர்லிக் செம்மைப்படுத்தினார். பின்னர் ஸீல், நீல்சன் என்ற இரு ஜெர்மானியர் அதை மேலும் திருத்தினர். அவர்கள் பெயரால் அழைக்கப்படும் அம்முறை இன்றும் ஆய்வகங்களில் வழக்கில் உள்ளது.

முறை எளியது. நோயாளியின் சளியைக் கண்ணாடிச் சில்லில் மெல்லியதாகத் தடவி, உலர்த்தி, சிவப்புச் சாயத்தை ஊற்றிச் சூடாக்குவார்கள். சூட்டில் சாயம் மெழுகுச் சுவரைக் கடந்து உள்ளே செல்லும். பிறகு அமிலத்தால் கழுவுவார்கள். மற்ற உயிரணுக்கள் சாயத்தை இழந்துவிடும். காசநோய்க் கிருமி மட்டும் பிடித்த நிறத்தை விடாது. இறுதியில் நீலச் சாயம் இடுவார்கள். ஆயிரம் மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கியில் பார்த்தால், நீலப் பரப்பின் மீது மெல்லிய சிவப்புக் கோல்களாகக் கிருமிகள் தெரியும். ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் இம்முறையில் அவை கண்ணில் படும்.

அதைவிடக் குறைவாக இருந்தால் அவற்றை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். முட்டையைச் சேர்த்துச் செய்யப்படும் பச்சை நிற ஊடகத்தில் சளியை இட்டு, உடல் வெப்பநிலையில் காத்திருப்பார்கள். குடலில் வாழும் சாதாரணக் கிருமி சுமார் இருபது நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமிக்கோ ஒருமுறை பெருகவே ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஆகவே முடிவு தெரிய ஆறு வாரம், எட்டு வாரம் கூடச் செல்லும். ஆயினும் இச்சோதனை சொல்லும் சாட்சியம் வலுவானது. கிருமி உயிரோடு இருக்கிறதா, எந்த மருந்துக்கு அது சாகும், எதற்குச் சாகாது என்பதையும் அது சொல்லிவிடும்.

சௌரி முத்துவும் இராமானுஜனும்

கிருமியைக் கண்டாகிவிட்டது. அதைக் கொல்லும் மருந்தோ அடுத்த அறுபது ஆண்டுகளுக்குக் கிடைக்கவில்லை. இந்த இடைவெளியில் உலகெங்கும் எழுந்தவையே சானடோரியங்கள். இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அத்தகைய இல்லம் ஒன்றை நடத்தியவர் நம் நாட்டவரான டாக்டர் டேவிட் சௌரி முத்து. 1917-ஆம் ஆண்டு அவருடைய இல்லத்தில் தங்கிய நோயாளிகளுள் ஒருவர் கணிதமேதை சீனிவாச இராமானுஜன். 1914-இல் இராமானுஜன் இங்கிலாந்துக்குப் பயணம் செய்த அதே கப்பலில் சௌரி முத்துவும் சென்றார் என்பது வியப்பான ஒற்றுமை.

இராமானுஜனின் நோய் இன்னதென்பதில் அவரைப் பார்த்த மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இருக்கவில்லை. வயிற்றுப் புண் என்றனர் சிலர். புற்றுநோயோ என்று ஐயுற்றனர் சிலர். இறுதியில் காசநோய் என்ற எண்ணமே நிலைத்தது. ஒன்றன்பின் ஒன்றாகச் சானடோரியங்களில் தங்கி, 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் தம் 32-ஆம் வயதில் அவர் காலமானார். 1994-இல் டி. ஏ. பி. யங் என்பவர் எஞ்சியிருந்த குறிப்புகளை ஆராய்ந்து, அவரைத் தாக்கியது காசநோயன்று, கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று எழுதினார். இது ஒரு கருத்தே. இன்று அதை உறுதிசெய்ய வழியில்லை. ஆனால் அக்கருத்து சரியாக இருக்குமானால், அதன் பொருள் நெஞ்சைச் சுடுவது. அமீபா நோய்க்கு அப்போதே மருந்து இருந்தது. கல்கத்தாவில் லியோனர்டு ராஜர்ஸ் 1912-இலேயே எமெட்டின் ஊசியால் அந்நோயைக் குணப்படுத்திக் காட்டியிருந்தார். கிருமியின் பெயர் தவறினால் மருந்தும் தவறும்.

அந்தச் சௌரி முத்துவே தாயகம் திரும்பி, 1928-இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். நகரின் நெரிசலுக்கு வெளியே, பச்சைமலையை ஒட்டிய மரங்கள் அடர்ந்த நிலத்தில் அது எழுந்தது. 1937-இல் அரசு அதை ஏற்று நடத்தத் தொடங்கியது. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை என்ற பெயரில் இயங்குவது அதுவே. அக்காலத்தில் அங்கே சென்றவர் எப்போது வீடு திரும்புவார் என்று யாராலும் சொல்ல இயலாது. மாதங்கள் ஆண்டுகளாகும். பிள்ளைகள் தாயைக் காணாமல் வளர்வர். சம்பாதிப்பவர் சென்றுவிட்டால் குடும்பம் வறுமையில் வீழும். அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் தாழ்ந்ததற்கு இந்தப் பிரிவே காரணம்.

சேத்துப்பட்டில் ஒரு சோதனை

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் என்ற மருந்தும், 1952-இல் ஐசோனியாசிடும் வந்தன. கிருமியைக் கொல்லும் ஆற்றல் முதன்முறையாக மனிதன் கைக்குக் கிட்டியது. அப்போது ஒரு கேள்வி எழுந்தது. மருந்து வந்துவிட்ட பிறகும் நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைக்கத்தான் வேண்டுமா? வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்த்தால் அவர் குணமடைவாரா? வீட்டில் உள்ள குழந்தைகளுக்கு நோய் பரவாதா?

இதற்கு விடை காண 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. அதன் முதல் இயக்குநர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். இராமானுஜன் உயிர் நீத்த அதே சேத்துப்பட்டில், முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் இம்மையம் அமைந்தது. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று அழைக்கப்படுவது இதுவே.

சென்னையின் ஏழை, நெரிசல் மிகுந்த குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகள் இரு பிரிவாக வகுக்கப்பட்டனர். யார் எப்பிரிவு என்பதை மருத்துவரின் விருப்பம் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்குவது போன்ற தற்செயல் முறையே தீர்மானித்தது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் பெற்றனர். மற்றப் பிரிவினர் தம் குடிசைகளிலும் ஒண்டுக் குடித்தனங்களிலும் தங்கி, வேலையும் செய்துகொண்டு, எளிய உணவையே உண்டனர். இரு பிரிவினருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள்: ஐசோனியாசிடும் பாஸும். மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறார்களா என்று அறியச் சிறுநீரையும் சோதித்தனர். முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளையும் எண்ணினர்.

குணமடைந்தார் என்று எதை வைத்துச் சொல்வது? நோயாளியின் முகத் தெளிவையோ, கூடிய எடையையோ மட்டும் நம்பினால், நன்கு உண்டு ஓய்வெடுத்த சானடோரியப் பிரிவினரே வென்றவர்களாகத் தெரிவர். ஆகவே எக்ஸ்ரே படத்தோடு சளியைத் தொடர்ந்து சோதித்தனர், நுண்ணோக்கியில் பார்த்தனர், ஊடகத்தில் வளர்த்தும் பார்த்தனர். கிருமி மறைந்ததா, இல்லையா என்பதே முதன்மையான அளவுகோலாயிற்று. 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தோரும் சானடோரியத்தில் இருந்தோரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் குணமடைந்திருந்தனர். வீட்டில் உள்ளவர்களை ஐந்தாண்டு காலம் பின்தொடர்ந்து பார்த்ததில், நோயாளியை உடன் வைத்திருந்த குடும்பங்களில் நோய் மிகுதியாகத் தோன்றவில்லை என்பதும் தெரியவந்தது. பரவல் பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. முறையான மருந்து தொடங்கியதும் விரைவில் தொற்றும் தன்மை குறைகிறது.

இம்முடிவு உலகம் முழுவதும் காசநோய் மருத்துவத்தை மாற்றியது. பல நாடுகளில் சானடோரியங்கள் மூடப்பட்டன. 1962-இல் தொடங்கிய நம் நாட்டின் தேசியக் காசநோய்த் திட்டம், ஊரகச் சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை, வீட்டில் வைத்தியம் என்ற அடிப்படையில் அமைந்தது. தாய் பிள்ளைகளோடு இருக்கலாம். தந்தை வீட்டில் உறங்கலாம். பெருமாளிகைகளும் மலைக்காற்றும் தர இயலாத இந்த விடுதலையை, மாத்திரையும் ஒரு கண்ணாடிச் சில்லும் சேர்ந்து தந்தன.

சாட்சி மௌனமான காலம்

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. அவற்றுள் ஆறில் எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்தது. இந்தியாவில் அக்கிருமி முதன்முதலாக அறியப்பட்டது அப்போதுதான். அந்த நோயாளிகளுக்குப் பல மருத்துவமனைகள் கதவடைத்த காலத்தில், 1990-களில் தாம்பரம் அவர்களை ஏற்றது. காசநோயால் வந்த பழைய அச்சத்தோடு இப்புதிய அச்சமும் சேர்ந்து, தாம்பரத்துக்குச் செல்வதையே ஊரார் இழிவாகப் பேசிய ஆண்டுகள் அவை. 2004 ஏப்ரலில் அரசு இலவச எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்கியபோது, முதல் எட்டு மையங்களுள் ஒன்றாக அமைந்தது இம்மருத்துவமனை.

ஆய்வகத்துக்கும் இது புதிய சோதனையாயிற்று. எச்.ஐ.வி. உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைப்பதால், அந்நோயாளிகளுக்குக் காசநோய் எளிதில் வரும். ஆனால் அவர்களுடைய சளியில் கிருமிகள் குறைவாகவே இருப்பது வழக்கம். ஆகவே நோய் இருந்தும் நுண்ணோக்கியில் சிவப்புக் கோல்கள் தெரிவதில்லை. ஊடகத்தில் வளரும் வரை காத்திருக்க நோயாளிக்கு நாளில்லை. இத்தடையை நீக்கியது கிருமியின் மரபணுவையே தேடிக் கண்டுபிடிக்கும் முறை. 2010-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த அக்கருவியை நம் மருத்துவமனைகளில் சிபிநாட் என்பர். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கிருமி உண்டா என்பதையும், முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்பதையும் அது சொல்லிவிடும். கோவாவில் உருவான ட்ரூநாட் கருவியும் இதே பணியைச் செய்கிறது.

மரபணுவைத் தேடும் இதே வழியில்தான் 2020-இல் கொரோனா கிருமியையும் கண்டறிந்தனர். ஆய்வகம் அதற்கு வைத்த பெயரில் மதம் இல்லை. ஆனால் அவ்வாண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் அந்நோய்க்கு நம் சமுதாயத்தின் பெயரைச் சூட்டிப் பேசியவர்கள் உண்டு. காய்கறி விற்பவரையும் பெயர் கேட்டுத் திருப்பி அனுப்பிய தெருக்கள் உண்டு. ஊகத்தால் ஒருவர்மீது நோய் சுமத்தப்பட்டால் அது எவ்வளவு வலிக்கும் என்பதை நாம் அறிந்தவர்கள். அதே ஊகத்தை, இருமும் அண்டை வீட்டாரிடமும் எச்.ஐ.வி. உள்ள உறவினரிடமும் நாம் காட்டலாமா?

நம் கடமை

ஐயங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கச் சொல்வதும், சாட்சியமின்றித் தீர்ப்பளிக்க வேண்டாம் என்பதும் நம் மார்க்கம். நோய்க்கு மருந்து தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதையும், நோயாளியை நலம் விசாரிப்பதை ஒரு முஸ்லிமுக்கு மற்றவர்மீதுள்ள உரிமைகளுள் ஒன்றாக்கியதையும் நாம் அறிவோம். ஆய்வக அறிவு இவ்விரண்டுக்கும் துணை நிற்கிறது. எந்தக் கிருமி என்று சோதனை சொல்கிறது. அதற்கேற்ற மருந்தை மருத்துவர் தருகிறார். எப்போது அஞ்சாமல் அருகில் அமரலாம் என்பதும் தெரிந்துவிடுகிறது. பின்னர் விலகியிருக்க நமக்கு என்ன காரணம் எஞ்சுகிறது?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ, மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் தொடர்ந்தாலோ, அரசுச் சுகாதார நிலையத்தில் சளியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். சோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். கொடுக்க வேண்டியது வாயில் ஊறும் எச்சிலை அன்று. அதிகாலையில் மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுக்கும் சளியையே கொடுக்க வேண்டும். எச்சிலைக் கொடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். காற்றோட்டமான திறந்த வெளியில், பிறர் அருகில் இல்லாதபோது எடுப்பது நல்லது. நோய் உறுதியானால், வழக்கமான காசநோய்க்கு ஆறு மாத மருந்தை ஒரு நாளும் விடாமல் முடிக்க வேண்டும். இடையில் நிறுத்தினால், எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும்.

இச்செய்தியை ஜும்ஆவுக்குப் பின் நான்கு சகோதரர்களிடமும், பெண்கள் மதரஸாவில் சில தாய்மார்களிடமும் சொன்னாலே போதும். குரல் தாழ்த்தாமல் சொல்ல வேண்டும். சானடோரியம் நிலையத்தில் ஒருவர் மருத்துவச் சீட்டோடு இறங்கினால், அவர் மறைந்து நடக்கும் நிலை இனி வேண்டாம். நோயுற்ற அனைவருக்கும் வல்ல இறைவன் பூரண ஷிஃபாவை அருள்வானாக. அவர்களைத் தனித்து விடாத உள்ளத்தை நமக்கும் தருவானாக. ஆமீன்.